சின்ன கேமராவா, பெரிய கேமராவா?

கேள்வி: பொண்ணோட டான்ஸ் ப்ரோக்ராம், கோயில் திருவிழா, வருஷத்துக்கு ஒரு டூர், இதுக்குத்தான் கேமரா. பாக்கெட்ல போடுற காம்பாக்ட் போதுமா, லென்ஸ் மாத்துற பெருசு வாங்கணுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: டூருக்கு மட்டும்னா காம்பாக்ட் போதும்மா, ஏன் கையில இருக்கிற போனே போதும். ஆனா டான்ஸ்னு சொல்லிட்டீங்களே, அங்கதான் சிக்கல். மேடை வெளிச்சம் கம்மி, பொண்ணு நிக்காம ஆடுவா, ஷட்டர் (ஒளிய உள்ள விடுற கதவு) 1/250 செகண்டுல திறந்து மூடுற வேகமாவது வேணும், இல்லன்னா கை கால் எல்லாம் கலங்கிடும். சாதா காம்பாக்ட்ல ஒளிய வாங்கி படமாக்குற சில்லு, அதாவது சென்சார், சுமார் 6 மி.மீ. அகலம்தான், பெருசுல பொதுவா இருக்கிற ஏபிஎஸ்-சிங்கற அளவு சென்சார் சுமார் 23 மி.மீ., பரப்புன்னு பாத்தா பத்து மடங்குக்கும் அதிகம், அதனால வெளிச்சம் பத்தாதப்ப ஐஎஸ்ஓவ (ஒளிய உணர்ற அளவு) 3200 வரைக்கும் ஏத்தி வச்சாலும் படம் பொரிபொரியா ஆகாம தாங்கும். மெகாபிக்சல் கணக்க கடைக்காரர் சொன்னா சும்மா தலையாட்டிட்டு வந்துடுங்க.

பெருசு வாங்கினா கேமரா கூடவே வர்ற கிட் லென்ஸோட நிறுத்தாதீங்க, கடைசி வரிசையில உக்காந்தா அது எட்டாது, தூரத்துல இருக்கிறத கிட்ட காட்டுற, 200 மி.மீ. வரைக்கும் போற ஜூம் லென்ஸ் ஒண்ணு சேத்து பட்ஜெட் போடுங்க. திருவிழா கூட்டத்துல அத தூக்கிட்டு சுத்த சலிப்பா இருக்கும்தான், நானே பல தடவை வீட்லயே விட்டுட்டு போயிருக்கேன்.