மாநிலத்துக்குள் நம் பள்ளி மாவட்டம் எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டெக்சஸில் டல்லாஸுக்கு வடக்கே வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பள்ளி மாவட்டத்துக்கு (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மாநிலக் கல்வி முகமை தர மதிப்பீட்டில் ‘பி’ கொடுத்திருக்கிறது. அதை ஒட்டிய மாவட்டத்துக்கு ‘ஏ’. வீட்டு விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ‘பி’ வாங்கிய மாவட்டம் 2022இல் ‘ஏ’ வாங்கியிருந்தது என்பதால் அது சரிந்துகொண்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. கூடுதல் பணம் கொடுத்து ‘ஏ’ மாவட்டத்துக்கே போய்விடலாமா?
– வாசகி, டல்லாஸ்

பதில்: அந்த ஓர் எழுத்தை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய கடனில் இறங்காதீர்கள். முதலில் சரிவைப் பற்றிய உங்கள் பயத்தை எடுத்துக்கொள்வோம். டெக்சஸ் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டிலிருந்து அளவுகோலையே கடுமையாக்கிவிட்டது. பள்ளி முடித்து வெளியேறுவோரில் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவப் பணிக்கோ தயாராக இருப்போர் 60 சதவீதம் இருந்தாலே முன்பு அந்தப் பிரிவில் ‘ஏ’ கிடைத்தது. புதிய முறையில் 88 சதவீதம் தேவைப்படுகிறது. இதை எதிர்த்துப் பல மாவட்டங்கள் நீதிமன்றத்துக்குப் போனதால் அந்த ஆண்டின் மதிப்பீடுகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. எனவே 2022இன் எழுத்தையும் அதற்குப் பிந்தைய எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு மாவட்டம் சரிந்தது என்று சொல்வது நியாயமாகாது. ஒரே ஆண்டில் இரு மாவட்டங்களும் வாங்கியதை ஒப்பிடுங்கள். அதுவும் எழுத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் மதிப்பெண்களை ஒப்பிடுங்கள்.

அந்த மதிப்பெண்ணில் 70 சதவீதம், மாணவர்களின் தேர்ச்சி நிலை, அவர்கள் அடைந்த முன்னேற்றம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதிலிருந்து வருகிறது. மீதி 30 சதவீதம், வெவ்வேறு மாணவர் பிரிவினர் ஒவ்வொருவரும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு. ஆகவே தேர்ச்சியின் வழியாக ‘ஏ’ வாங்கிய மாவட்டமும் முன்னேற்றத்தின் வழியாக ‘ஏ’ வாங்கிய மாவட்டமும் ஒன்றல்ல. முதல் வகையில், பிள்ளைகள் வீட்டிலிருந்தே நிறையக் கற்றுக்கொண்டு வருவதும் சேர்ந்தே அளக்கப்படுகிறது; பள்ளி என்ன செய்தது என்பதற்கு இரண்டாவதே நெருக்கமான சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்த சிகாகோ பொதுப் பள்ளி மாணவர்கள், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கான கற்றலைப் பெற்றிருப்பதாகக் கண்டறிந்தார். சராசரியை மட்டும் பார்த்து வீடு தேடும் எவருக்கும் இந்தச் செய்தி கண்ணில் படாது.

அடுத்து, டெக்சஸின் மாநிலத் தேர்வான ஸ்டார் தேர்வின் முடிவுகளைப் படிக்கும்போது ‘அப்ரோச்சஸ்’, ‘மீட்ஸ்’, ‘மாஸ்டர்ஸ்’ என்னும் மூன்று படிகளைக் கவனியுங்கள். முதல் படியை எட்டினாலே தேர்ச்சி என்று கணக்கிடப்படும். ஆனால் வகுப்புக்குரிய தரத்தை எட்டியது என்பது இரண்டாம் படிதான். வீட்டு விற்பனை விளம்பரங்களில் ஒரு மாவட்டத்துக்கு முதல் படியின் சதவீதத்தையும் இன்னொன்றுக்கு இரண்டாம் படியின் சதவீதத்தையும் போட்டுக் காட்டினால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் கல்விச் செயல்திறன் அறிக்கையில் மாநிலம், வட்டாரம், மாவட்டம் ஆகிய மூன்றின் எண்களும் வரிசையாக இருக்கும். பிரிவு வாரியாகவும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் நேரம் செலவிட வேண்டிய இடம் அதுதான். காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் காட்டுகிறேன். முதல் மாவட்டத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 80 சதவீதம், இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகள் 20 சதவீதம். தரத்தை எட்டியோர் முறையே 70, 40 சதவீதம். இரண்டாம் மாவட்டத்தில் வசதியானவர்கள் 40 சதவீதம், மற்றவர்கள் 60 சதவீதம். தரத்தை எட்டியோர் 74, 46 சதவீதம். மொத்தக் கணக்கில் முதல் மாவட்டம் 64, இரண்டாவது 57. ஆனால் எந்தப் பிரிவை எடுத்தாலும் இரண்டாம் மாவட்டத்தில்தான் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்! உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் இருந்தாலும் அங்கே இழப்பில்லை. முதல் மாவட்டத்தில் நீங்கள் கூடுதல் விலை கொடுப்பது, பள்ளி சிறந்தது என்பதற்காக அல்ல, அக்கம்பக்கத்தார் வசதியானவர்கள் என்பதற்காகத்தான்.

அதே அறிக்கையில் ஆசிரியர்களில் எத்தனை சதவீதம் பேர் ஆண்டுக்கு விலகிப் போகிறார்கள் என்ற எண்ணும் இருக்கிறது. என்னைக் கேட்டால், எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்ப்பேன்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் குடியேறவிருக்கிறோம். ஃப்ரீமான்ட் யூனியன் மாவட்டத்தின் முடிவுகள் மாநில சராசரியைவிட மிக உயரத்தில் இருக்கின்றன. ஃப்ரீமான்ட் நகரத்திலேயே வீடு பார்த்தால் அந்த மாவட்டம் கிடைக்குமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: கிடைக்காது. பெயர் பலரையும் குழப்பிவிடுகிறது. ஃப்ரீமான்ட் யூனியன் என்பது கூப்பர்டினோ, சன்னிவேல் பகுதிகளுக்கான உயர்நிலைப் பள்ளி மாவட்டம். ஃப்ரீமான்ட் நகரத்துக்கு ஃப்ரீமான்ட் யூனிஃபைட் என்ற வேறொரு மாவட்டம் இருக்கிறது. முன்னது ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மட்டுமே நடத்துவது, பின்னது தொடக்கப் பள்ளியிலிருந்து எல்லா வகுப்புகளும் கொண்டது. கலிஃபோர்னியாவின் மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையும், பிறகு பதினொன்றாம் வகுப்பிலும் நடப்பதால், ஒரு மாவட்டத்தின் எண் பதினொன்றாம் வகுப்பை மட்டும் காட்டும், மற்றதன் எண் ஏழு வகுப்புகளின் கலவையாக இருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் இரு பக்கமும் பதினொன்றாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளின் நிலையை இணையத்தில் காட்டும் மாநிலத்தின் தகவல் பலகையில் (டாஷ்போர்டு) சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்கள் வருகின்றன. அந்த நிறம், இந்த ஆண்டின் நிலையையும் சென்ற ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கப்படுவது. ஒரே மதிப்பெண் பெற்ற இரு மாவட்டங்கள் வேறு வேறு நிறத்தில் தெரிய அதுவே காரணம். சன்னிவேலுக்குள்ளேயே தொடக்கப் பள்ளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்கள் இருக்கின்றன. அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரை நம்பாமல், கையெழுத்திடுவதற்கு முன் வீட்டு எண்ணைச் சொல்லி மாவட்ட அலுவலகத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: லாங் ஐலண்டில் இருக்கிறோம். எங்கள் மாவட்டத்தின் தேர்ச்சி சதவீதம் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்குகிறது. ஏன்?
– வாசகர், நியூயார்க்

பதில்: எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் 2015இல் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெற்றோரின் முடிவுப்படி தேர்வு எழுதவில்லை. லாங் ஐலண்டில் இந்தப் புறக்கணிப்பு இன்னும் வலுவாக இருந்தது. 95 சதவீத மாணவர்களாவது எழுத வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. பாதிப் பேர் மட்டும் எழுதிய மாவட்டத்தையும் ஏறக்குறைய எல்லோரும் எழுதிய மாவட்டத்தையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. உயர்நிலைப் பள்ளியின் ரீஜென்ட்ஸ் தேர்வு முடிவுகளும் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்தோர் விகிதமும் உங்களுக்கு நம்பகமான அளவுகளாக இருக்கும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் கேட்டார்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் கற்போர் பட்டியலில் போட்டுவிடுவார்கள், அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகளின் மதிப்பெண் எங்கள் மாவட்டத்தில் மிகக் குறைவு என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, எடிசன்

பதில்: தமிழ் என்றே எழுதுங்கள், அம்மா. படிவத்தில் எழுதியதற்காக மட்டும் யாரையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆங்கிலத் திறனைச் சோதித்த பிறகே முடிவு செய்வார்கள். தேவைப்படும் பிள்ளைக்கு உதவி தர வேண்டியது பள்ளியின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1974இல் லாவ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்தப் பிரிவின் மதிப்பெண் எல்லா மாவட்டத்திலும் குறைவாகவே தெரியும். ஆங்கிலத்தில் தேறிய பிள்ளை பட்டியலை விட்டு வெளியேறிவிடுகிறது, புதிதாக வந்தவர்கள் உள்ளே சேர்கிறார்கள்; நன்றாகப் படித்தவர்களைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பவர்களை அளந்தால் எண் எப்படி உயரும்? உங்கள் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டங்களையும் ஒப்பிட விரும்பினால், ஆங்கிலத் திறனில் முன்னேறுவோரின் சதவீதம் என்று மாநில அறிக்கையில் தனியாக ஓர் அளவு இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி எல்லா மாநிலங்களும் அதை வெளியிட்டாக வேண்டும். அதில் உங்கள் மாவட்டம் பின்தங்கியிருந்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள். அது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.