ஜோன்ஸ்டவுனில் இறந்த பாடகியை அவருடைய நண்பர்கள் ஏன் குரலைக் கொண்டே நினைவுகூர்கிறார்கள்?

ஒரே நம்பிக்கையுடையவர்கள் உடைமை, உழைப்பு, உணவு அனைத்தையும் பொதுவில் வைத்து வாழும் குடியிருப்பே சமயக் கம்யூன். ஜிம் ஜோன்ஸின் ‘மக்கள் ஆலயம்’ என்ற அமெரிக்கச் சபை, தென்னமெரிக்காவின் கயானாக் காட்டில் அமைத்த ஜோன்ஸ்டவுன் அத்தகையது. 1978 நவம்பர் 18 அன்று அங்கே 909 பேர் இறந்தனர்.

உலகம் பெரும்பாலும் பார்த்தது, வானிலிருந்து எடுக்கப்பட்ட சடலங்களின் படங்களை. உரிமை கோரப்படாத, அடையாளம் தெரியாத 400-க்கும் மேற்பட்ட உடல்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லாந்து நகரின் எவர்கிரீன் கல்லறையில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. பெயர்கள் பொறித்த கற்கள் அங்கே வந்ததே 2011-இல்தான். அதுவரை தோழியைத் தனியாளாகக் காட்டக்கூடியதாக எஞ்சியிருந்தவற்றுள் குரலும் ஒன்று. சபையின் பாடகர் குழு 1973-இல் இசைத்தட்டு வெளியிட்டிருந்தது. அதன் முதல் பாட்டே சிறுவர்கள் பாடும் வரவேற்புப் பாட்டு. கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தில் தேடியும் அகப்படாத ஒருவரை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமலே அறிந்துகொள்கிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இது.

நவம்பர் 17 இரவு, விசாரிக்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரையன் முன்னிலையிலும் ஜோன்ஸ்டவுனில் பாட்டுக் கச்சேரி நடந்தது. மறுநாள் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். (அந்தக் கச்சேரியை வெறும் நாடகம் என்று ஒதுக்குவது பாடியவர்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து.)

எல்லோரும் மனமுவந்து தற்கொலை செய்துகொண்டார்கள் என்று பரவலாக எண்ணப்படுவது தவறு: இறந்தவர்களில் சுமார் 300 பேர் சிறார்கள், அவர்களுக்குச் சயனைடு புகட்டப்பட்டது, பெரியவர்களைச் சுற்றியும் ஆயுதம் தாங்கிய காவலர்கள் நின்றிருந்தனர்.