கச்சேரிப் பைத்தியத்திடம் கேளுங்கள்

போன இதழில் "நேரில் கேட்பது பற்றி மட்டும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் இவ்வளவு மனக்குறையோடு இருப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, ஆரம்பிக்கலாம்.

கே: ஐந்து வருடமாக ஹெட்போனில் கேட்டுக் கேட்டு, எங்கே மூச்சு விடுவார் என்பதுவரை மனப்பாடமாகிவிட்ட ஒரு பாடகரின் நிகழ்ச்சிக்கு முதல் தடவையாகப் போனேன் சார். சுருதியை இறக்கிவிட்டார், பாட்டை இழுத்து இழுத்துப் பாடினார், நடுவில் இரண்டு வரியை விழுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து ரெக்கார்டைப் போட்டுக் கேட்ட பிறகுதான் மனசு ஆறியது. நான் ஏமாந்துவிட்டேனா?

ப: ஏமாறவில்லை தம்பி, வேறு எதையோ எதிர்பார்த்துப் போயிருக்கிறீர்கள். ரெக்கார்டில் இருப்பது பல டேக் எடுத்து, ஒரு வரியை இதிலிருந்தும் அடுத்த வரியை அதிலிருந்தும் ஒட்டி, பிசிறு தட்டிய இடங்களையெல்லாம் வழித்தெடுத்த பாட்டு. அந்தப் பாடகரே அதை அப்படி ஒரே மூச்சில் ஒரு தடவைகூடப் பாடாமல் இருந்திருக்கலாம். சுருதி இறக்கியதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முப்பது வயதில் பாடிய அதே கட்டையில் ஐம்பத்தைந்திலும் இரண்டு மணி நேரம் நின்று பாடு என்றால் தொண்டை என்ன இரும்பா? அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொண்டு நிம்மதியாகப் பாடுகிறவரைத்தான் எனக்குப் பிடிக்கும். இறக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்துவிட்டு, மேல் ஸ்தாயி வரும்போதெல்லாம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதெல்லாம் நம் மேல் உள்ள அன்பினால் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வரி மறந்த விஷயத்துக்கு வருகிறேன். ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960-இல் பெர்லினில் 'மேக் தி நைஃப்' பாடும்போது பாதியில் வரிகள் சுத்தமாக மறந்துபோய்விட்டன. நிறுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்பதையே தாளத்தில் உட்காரவைத்துப் பாடி, அந்தப் பாட்டை அதற்கு முன் பாடிப் புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலைப் போல ஒரு சுற்று பாடிக் காட்டி, ஒரு வழியாகக் கரையேறினார். அந்தப் பதிவை அப்படியே வெளியிட்டார்கள், கிராமி விருதும் கிடைத்தது. பாப் டிலன் கதை இன்னும் மோசம், மெட்டையே மாற்றிவிடுவார், மூன்றாவது வரி வந்த பிறகுதான் இது எந்தப் பாட்டு என்றே கூட்டத்துக்குப் பிடிபடும்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி, தோடி ராக ஆலாபனை முடிந்து வயலின்காரர் வாங்கி வாசிக்க ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, டப்பென்று மெல்லிய தந்தி அறுந்து முகத்துக்குப் பக்கத்தில் சுருண்டு நின்றது. பாடகி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் நடக்காத மாதிரி, முடித்துவிட்ட ஆலாபனையைக் கீழ் ஸ்தாயியிலிருந்து மறுபடி எடுத்தார். வயலின்காரர் பெட்டியைத் திறந்து புதுத் தந்தியை மாட்டி, பிருடையைத் திருகி, காதைக் கிட்டே வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார், அந்த 'ங்ஙொய்ங்' சத்தம் எந்த நேரத்தில் பஞ்சமத்தை, அதாவது 'ப' சுரத்தைத் தொடுகிறதோ அந்த நேரம் பார்த்து இந்த அம்மா பஞ்சமத்தில் போய் நின்றார். வயலின்காரர் சிரித்துவிட்டார், புதுத் தந்தி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு பிடிக்கும் விரலைச் சற்று மேலே தள்ளி வைத்து ஈடுகட்டிக்கொண்டே மீதியை வாசித்து முடித்தார். அன்றைக்கு மெயின் உருப்படி என்ன என்பதுகூட எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் நான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். அடுத்த தடவை போகும்போது ஒரு வாரம் முன்பிருந்தே அவர் ரெக்கார்டைக் கேட்காமல் போய்ப் பாருங்கள்.

கே: முதல் வரிசையில் உட்கார்ந்தும் பாடகர் குரல் சரியாகக் கேட்கவில்லை, பின்னால் இருந்த என் தங்கைக்கு நன்றாகக் கேட்டதாம். எங்கே உட்காருவது நல்லது?

ப: சவுண்ட் இன்ஜினியர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி மிக்ஸர் மேசை போட்டிருப்பார்கள். அவர் தன் காதுக்கு எது சரியாக இருக்கிறதோ அதைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார், அதனால் அவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். முதல் வரிசையில் டிரம்மும் கித்தாரும் மேடையிலிருந்து நேராக வந்து அறையும், குரலைத் தருகிற பெரிய ஸ்பீக்கர்களோ இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கிக்கொண்டு உங்கள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் போங்கள், பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் தங்கை சொல்வதுதான் சரி.

ரொம்பப் பின்னால் போனால் வேறு தொல்லை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம். பெரிய திரையில் உதடு அசைந்த பிறகு குரல் வருவது போலத் தோன்றுவது இதனால்தான். நடுவில் கோபுரம் மாதிரி கூடுதல் ஸ்பீக்கர் நட்டிருப்பார்கள், அதில் வரும் ஒலியை வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாக்கி, மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியோடு சேருகிற மாதிரி விடுவார்கள். அந்தக் கணக்கு பிசகினால் எல்லாமே இரண்டிரண்டாகக் கேட்கும், அப்படிக் கேட்டால் பத்தடி நகர்ந்து பார்க்கலாம், சில சமயம் சரியாகும்.

கே: மேடையில் உண்மையிலேயே பாடுகிறார்களா, இல்லை முன்பே பதிவு செய்த டிராக் ஓடுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பும்போது குரல் துளியும் குறையாவிட்டால் சந்தேகப்படலாம். இரண்டு நிமிஷம் குதித்து ஆடிவிட்டு மூச்சே வாங்காமல் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நின்றால் சந்தேகமே வேண்டாம். மில்லி வனில்லி என்ற இரட்டையர் 1989-இல் மேடையில் 'பாடி'க்கொண்டிருக்கும்போது டிராக் சிக்கி ஒரே வரி திரும்பத் திரும்ப ஓட ஆரம்பித்தது, இருவரில் ஒருவர் மேடையைவிட்டே ஓடினார். ரெக்கார்டிலும் அவர்கள் பாடவில்லை என்பது வெளியே வந்து, 1990-இல் அவர்களிடமிருந்து கிராமி விருதைப் பறித்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மோசடி என்று சொல்லிவிடாதீர்கள். டிரம்மர் காதில் ஹெட்போன் இருந்தால் அதில் பெரும்பாலும் 'டிக் டிக்' என்று லயம் ஓடிக்கொண்டிருக்கும், கோரஸும் வயலின் கூட்டமும் டிராக்கில் வரும், முக்கியக் குரல் மட்டும் நேரடி. நாற்பது பேரை மேடைக்குக் கூட்டிவர எல்லோராலும் முடியுமா? அதை நான் மன்னிப்பேன். பாட்டுக் குரல் மட்டும் இல்லாத மைனஸ் டிராக்கைப் போட்டுவிட்டு, பின்னால் ஐந்து பேரை வாத்தியத்தோடு சும்மா நிற்கவைப்பதைத்தான் மன்னிக்க மாட்டேன்.

கே: நிகழ்ச்சி முடிந்து மூன்று நாளாகக் காதில் 'கொய்ங்' என்று சத்தம். தானாகப் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள்.

ப: நண்பர்களை விடுங்கள், இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போனால் அது எச்சரிக்கை, மூன்று நாள் என்றால் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே வாருங்கள், 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் மிஞ்சும். நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம்! உலக சுகாதார நிறுவனம் 2022-இல், நிகழ்ச்சிகளில் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரையறை சொன்னது, அதைத் தாண்டுகிற மேடைகளுக்கு நானே போயிருக்கிறேன். பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வது உதவாது. இசைக்காரர்கள் போடுகிற காதடைப்பான் கிடைக்கிறது, சத்தம் குறையும், பாட்டு மூடிப்போகாது. இருபத்தைந்து வயதில் இதைப் போட வெட்கப்பட்டேன், அதன் பலனாக இப்போது என் இடது காதில் மின்விசிறி மாதிரி ஒன்று ராத்திரியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கே: என் தோழி நிகழ்ச்சி முழுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தே இருக்கிறாள். சொன்னால் சண்டை. நீங்களே சொல்லுங்கள் சார்.

ப: பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ், தன் முந்தின சுற்றுப்பயணத்துக்கு 35 வருடம் கழித்து, 2014-இல் லண்டனில் 22 இரவுகள் பாடினார், வருகிறவர்கள் படம் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார், கூட்டமும் கேட்டது. உங்கள் தோழிக்கு நான் கேட் புஷ் இல்லை என்பதால், ஒரு பேரம்: ஒரே ஒரு பாட்டு எடுத்துக்கொள்ளட்டும், அதையும் நெஞ்சு உயரத்தில் பிடித்து. என் கைபேசியில் அறுபதுக்கு மேல் துண்டுகள் கிடக்கின்றன, இந்தப் பதிலுக்காக நேற்று திறந்து பார்த்தேன், அவற்றில் பாதித் துண்டுகளில் என் குரல்தான் கேட்கிறது, சகிக்கவில்லை.

கே: கடைசிப் பாட்டு என்கிறார்கள், உள்ளே போகிறார்கள், கத்தினால் திரும்ப வருகிறார்கள். இந்த நாடகம் தேவையா?

ப: தேவையில்லைதான், ஆனால் கத்தாமல் இருக்கவும் முடியவில்லையே. எல்விஸ் பிரெஸ்லி அந்த வேலையே வைத்துக்கொள்ளவில்லை. பாடி முடித்ததும் நேராகக் கிளம்பிவிடுவார், எல்விஸ் போய்விட்டார் என்று மைக்கில் அறிவித்துத்தான் கூட்டத்தைக் கலைப்பார்கள்.

கே: மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதிப் பேர் எழுந்து போவதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ப: எனக்கும்தான். ஆனால் போகிறவர்களில் பலர் வேண்டுமென்று போவதில்லை, எதைக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பாடகர் கடைசியாகப் பாடிய வரி தாளத்தில் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்பதை மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, கையில் தாளத்தை விடாமல் போடுங்கள். முடிவில் மிருதங்கக்காரர் கோர்வை என்கிற ஒரு கணக்கான கோப்பை மூன்று தடவை வாசிப்பார், கேட்க எங்கெங்கோ சுற்றி அலைகிற மாதிரி இருக்கும், மூன்றாவது தடவை அச்சு அசலாக அந்த எடுப்பில், வரி ஆரம்பித்த இடத்தில் வந்து விழும், பாடகர் அங்கே வரியைப் பிடிப்பார். கையில் தாளம் இருந்தால் அந்த இடத்தில் உடம்பே துள்ளும். தாளம் தப்பிப்போனால் வெட்கப்படாமல் பாடகர் கையைப் பார்த்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம், நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், கச்சேரிக்கு மைக்கே வேண்டாம் என்ற கட்சி. அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு ஒரு நாள் தற்செயலாகப் புரிந்தது. ஒரு கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் மின்சாரம் போய்விட்டது, மிருதங்கக்காரர் நிறுத்தவே இல்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தோம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில் உள்ளங்கை அழுந்தித் தேய்கிற சத்தம், அவர் விடுகிற மூச்சு, எல்லாம் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் மின்சாரம் வந்து ஸ்பீக்கர் 'பொம்' என்று உயிர் பெற்றதும், இருட்டில் யாரோ ஒரு பெரியவர் சொன்னார்: "அதை அணைங்கப்பா."

கே: காலத்தில் பின்னால் போய் ஒரே ஒரு நிகழ்ச்சி கேட்கலாம் என்றால்?

ப: 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகரம், ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் தனிப் பியானோ. அவர் கேட்டிருந்த பியானோ வரவில்லை, ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோதான் இருந்தது, மேல் சுரங்கள் தகரம் மாதிரி, அடிச் சுரங்களில் கனமில்லை, பெடலும் சரியில்லை. வாசிக்க மாட்டேன் என்றவரை, ஏற்பாடு செய்த பதின்வயதுப் பெண் எப்படியோ சம்மதிக்கவைத்தார். ஒழுங்காக ஒலித்த நடுப் பகுதியிலேயே சுற்றிச் சுற்றி, இடது கையால் ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கனத்தை வரவழைத்து, முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். தனிப் பியானோ ஆல்பங்களில் மிக அதிகமாக விற்றவற்றில் அதுவும் ஒன்று. பீட்டில்ஸின் 1965 ஷே ஸ்டேடியம் நிகழ்ச்சியை மட்டும் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஐம்பத்தைந்தாயிரம் பேர் கத்திய கத்தலில் அவர்களுக்கே அவர்கள் பாடியது கேட்கவில்லை, அடுத்த ஆண்டு ஆகஸ்டோடு சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

கே: நீங்கள் தவறவிட்டு இன்றுவரை வருந்தும் கலைஞர் யார்?

ப: மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். மாண்டலினில் விரலுக்குக் கீழே சுரத்துக்குச் சுரம் பிரிக்கிற மெட்டுக் கட்டைகள் வரிசையாக இருக்கும், சுரத்தை அசைத்து வளைக்கிற நம் கமகத்துக்கு அது சுத்தமாக ஒத்துவராத வாத்தியம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவர் இரட்டைத் தந்திகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகள் ஐந்து போட்டு, மின்சார மாண்டலினில் அதே கமகத்தைக் கொண்டுவந்தார், அதுவும் சின்னப் பையனாக இருக்கும்போதே. ரெக்கார்டில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். 2014 செப்டம்பரில் 45 வயதில் போய்விட்டார்.

அதற்கு முந்தின வருடம் அவர் கச்சேரி ஒன்றுக்கு நானும் ஒரு நண்பனும் டிக்கெட் வாங்கியிருந்தோம். அலுவலகத்தில் ஏதோ வேலை, இப்போது யோசித்தால் அது என்ன வேலை என்றே தெரியவில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் போகவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நண்பன் போன் செய்தான், "டேய், இதைக் கேளுடா" என்று அவர் வாசித்த ஒரு பிடியைப் போனிலேயே பாடிக் காட்டினான், வராமல் மறுபடி மறுபடி பாடினான். அவனுக்குச் சுருதியே நிற்காது. அவர் கச்சேரியில் நான் நேரில் கேட்டது அவ்வளவுதான்.