பூப்படைந்த பிறகு மாதவிடாய் தள்ளிப்போவது கோளாறா?

12 வயது மகள் பூப்படைந்து ஐம்பது நாளாகியும் அடுத்த மாதவிடாய் வரவில்லை, கர்ப்பப்பையில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. மாதவிடாயை நடத்துவது கர்ப்பப்பை மட்டுமன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோன்களை அனுப்ப, அதைக் கேட்டுச் சினைப்பை முட்டையை வெளியிட வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தை சீராவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். தொடக்கத்தில் பல மாதங்களில் முட்டையே வெளிவராது. அதனால்தான் நாள் தவறுகிறது. இந்த வயதில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பு. முதல் ஆண்டில் சற்றுக் கூடுதலாகவும் போகலாம்.

90 நாள் கடந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டரை மாட்டி, தேதியை அவளையே வட்டமிடச் சொல்லுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவள் சாப்பிட்ட பிறகு விழுங்குகிறாளா என்று கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள்.