மாநகராட்சியோடு சேர்ந்தால் வரி கூடுமா?

சேலம் மாநகராட்சியோடு எங்கள் ஊராட்சியைச் சேர்த்தால் வரி ஏறுமா, லஞ்சமும் கூடவே வருமா என்று அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

வரி ஏறும், சந்தேகமே வேண்டாம். 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கே 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம் கூட்டினார்கள். அதையும் அரையாண்டுக்கு ஒரு தடவை கட்ட வேண்டும். அப்புறம் நூறு நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான் என்பதால் அதுவும் போய்விடும், பெண்கள் முதலில் சண்டைக்கு வருவதே இதற்காகத்தான்.

லஞ்சமா? ஊராட்சியில் மட்டும் இல்லையா என்ன! கட்டட அனுமதிக்கு யாராவது பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லுங்கள், ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, வாங்கும்போதே பிடிப்பார்கள்.