வாசகர் கேள்வி: அருஞ்சொற்பொருள் படித்தும் 'மேக்பெத்' புரியவில்லையே?

கேள்வி: ஆங்கில வகுப்பில் எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' பாடம். ஒவ்வொரு காட்சிக்கும் அருஞ்சொற்பட்டியல் தருகிறார்கள். அதை மனப்பாடம் செய்தும் வரிகள் பிடிபடவில்லை. எளிய உரைநடைப் பதிப்பை மட்டும் படித்தால் போதாதா?

பதில்: கதையைத் தெரிந்துகொள்வதற்குப் போதும், தேர்வுக்கு முதல் நாள் பலரும் செய்வது அதுதான். துன்பியல் நாடகத்தைப் படித்ததாக மட்டும் ஆகாது.

பட்டியலில் இடம்பெறுபவை பெரும்பாலும் பார்த்தவுடனே புதியவை என்று தெரிந்துவிடும் சொற்கள். அவற்றுக்கு நாமே அகராதியைப் புரட்டிவிடுவோம். நம்மைக் கவிழ்ப்பவை தெரிந்த சொற்களே. முதல் அங்கத்தில், துரோகியான காடர் பிரபுவுக்கு டங்கன் மன்னன் விதிக்கும் 'பிரசென்ட் டெத்', உடனடி மரண தண்டனையைக் குறிக்கிறது. மூன்றாம் அங்கத்தில் மனிதரின் தலையாய பகை என்று சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி சொல்லும் 'செக்யூரிட்டி', நமக்கு ஒன்றும் நேராது என்னும் மெத்தனம். மேக்பெத் அழிவதே அந்த மெத்தனத்தால்தான் என்பதால், அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்பவருக்கு அந்தக் காட்சி எதற்கு என்றே விளங்காது.

கடினச் சொல்லையும் ஷேக்ஸ்பியர் சில இடங்களில் தாமே விளக்கிவிடுகிறார். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி: மன்னனைக் கொன்றுவிட்டு இரத்தக் கறையோடு நிற்கும் மேக்பெத், பெருங்கடல் முழுவதும் இந்தக் கையைக் கழுவுமா, இந்தக் கையல்லவா கடல்களைச் செந்நிறமாக்கிவிடும் என்று புலம்பும்போது 'மல்டிட்யூடினஸ்', 'இன்கார்னடைன்' என்று நீண்ட சொற்கள் உருண்டு வருகின்றன, அடுத்த வரியிலேயே, பச்சை சிவப்பாகும் என்று சின்னச் சொற்களில் அதே பொருள் வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் உள்ளே வரும் லேடி மேக்பெத், கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் நம்மை விட்டுப் போய்விடும் என்கிறாள். அவள் வாயில் ஒரு கடினச் சொல்கூட இல்லை. குற்றம் அவனுக்கு எவ்வளவு பெரிதாகவும் அவளுக்கு எவ்வளவு சிறிதாகவும் தெரிகிறது என்பதைச் சொல்லின் அளவே காட்டிவிடுகிறது. எளிய உரைநடையில் இருவர் பேச்சும் ஒரே அளவாகிவிடுவதால், ஐந்தாம் அங்கத்தில் அவள் தூக்கத்தில் நடந்தபடி கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பதன் கனமும் பாதியாகக் குறைந்துவிடும்.

பட்டியலில் உள்ள ஒரு சொல்லை மட்டும் ஊன்றிப் படியுங்கள்: 'ஈக்விவகேட்டர்', அதாவது பொய் சொல்லாமலே இருபொருள்படப் பேசி ஏமாற்றுபவர். குடிபோதையில் இருக்கும் வாயிற்காவலன் நரகத்துக்கு வரவேற்பவர்களில் ஒருவர் இவர். மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்க முயன்ற 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதியை ஒட்டி, இப்படி இருபொருள்படப் பேசுவதை நியாயப்படுத்திய பாதிரியார் ஹென்றி கார்னெட் மீது 1606இல் நடந்த வழக்கை இது சுட்டுவதாக அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்று மாயவுருவைக் கொண்டு சொல்லவைத்து, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மக்டஃப் என்னும் பிரபுவின் வாளுக்கு மேக்பெத்தைப் பலியாக்கும் சூனியக்காரிகளின் தந்திரமும் இதுவே.

உரைநடைப் பதிப்பை அந்தந்தக் காட்சிக்கு முன்னோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூலத்தை, வரி முடிவில் நிறுத்தாமல் நிறுத்தற்குறி வரும்வரை தொடர்ந்து, வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். பட்டியலை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.