இரண்டு நாள் சிங்கி இறால் வேட்டை

கேள்வி: ஃப்ளோரிடாவில் இருக்கும் என் தம்பி, ஜூலை கடைசியில் வரும் இரண்டு நாள் சிங்கி இறால் பருவத்தில் முத்துக்குளிப்பவரைப் போல மூச்சடக்கி மூழ்கப் போகிறானாம். நன்றாக நீந்துவான். பயப்பட வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: நன்றாக நீந்துகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். முறையான பருவம் ஆகஸ்ட் 6 முதல் மார்ச் 31 வரை இருக்கிறது. ஆனாலும் ஜூலை கடைசியின் அந்த இரண்டு நாள்களான புதன், வியாழனில்தான் ஊரே படகேறுகிறது. ஆண்டு முழுவதும் கடலில் இறங்காதவர்களும் இறங்கிவிடுகிறார்கள்.

பாறை இடுக்கில் இரண்டு மீசைகள் ஆடும். குச்சியை வாலுக்குப் பின்னால் விட்டுச் சீண்டினால் இறால் முன்னே வரும். வலையைப் பின்புறம் பிடித்தால் பின்னோக்கிப் பாய்ந்து விழும். ‘இன்னும் பத்து நொடி’ என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அதனால் உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சுக்குத் தவிக்கும் எச்சரிக்கை தாமதமாகும். மேலே வரும்போதே நினைவு தப்பலாம். ஒருவர் மூழ்கினால் ஒருவர் மேலே நின்று கவனிக்கட்டும்.

அடுத்த ஆபத்து படகு. கீழே ஆள் மூழ்கியிருக்கிறார் என்று காட்டும், வெள்ளைப் பட்டை போட்ட சிவப்புக் கொடியின் அருகிலேயே மேலே வர வேண்டும். திறந்த கடலில் அந்தக் கொடிக்கு 300 அடிக்குள் வரும் படகு மெதுவாகத்தான் வர வேண்டும் என்பது சட்டம். ஓட்டுபவர் கொடியைப் பார்த்திருப்பார் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

கையுறை கட்டாயம். இடுக்கில் விலாங்கும் குடியிருக்கும்.